நம் ஊர் ஆட்களை லெகோவில் செய்ய 3டி பிரிண்டர் வேண்டுமா?

சேலம் கன்னங்குறிச்சியில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு 12 வயது. வீட்டில் இரண்டு டப்பா நிறைய லெகோ இருக்கிறது. விண்வெளி வீரனும் போலீஸ்காரனும் அவனுக்குச் சலித்துவிட்டார்கள். இப்போது நம் ஊர் ஆட்களைச் செய்ய வேண்டுமாம். ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் அம்மா, சேலத்துத் தெருக்கடைத் தின்பண்டமான தட்டுவடை செட் விற்கும் கடைக்காரர், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறவர். இதற்கு 3டி பிரிண்டர் இல்லாமல் முடியாது என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். வாங்கித் தரலாமா? செய்ததை நண்பர்கள் கேட்டால் கொடுக்கலாமா, விற்கலாமா? கொலுசுக்காரரை எப்படிச் சம்மணம் போட வைப்பது என்றும் பையன் கேட்கச் சொன்னானாம்.

பிரிண்டர் வேண்டாம். இந்த வருஷத்துக்காவது வேண்டாம். அந்த மூன்று பேரையும் டப்பாவில் இருக்கும் பீஸ்களை வைத்தே முக்கால்வாசி செய்துவிடலாம். மிச்சத்துக்கு வேண்டியது படம் அச்சிட்டு ஒட்டும் டெகால் தாள் கொஞ்சம், பிசைந்து வைத்தால் இறுகும் எம்-சீல் ஒரு பாக்கெட், அப்புறம் தம்பியைப் போலவே இதில் கிறுக்குப் பிடித்த நாலைந்து பேர். கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பிரிண்டர் இல்லாமலே பிரமாதமாகச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டு இல்லாமல் தனியாக உட்கார்ந்து ரொம்ப நாள் தாக்குப்பிடித்தவர்களைப் பார்ப்பது அரிது.

முதலில் லெகோ செட்டில் வரும் குட்டி ஆளின் உடம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் 1932-இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கிய கம்பெனி லெகோ. இன்றைய பிளாஸ்டிக் பிரிக்குக்குக் காப்புரிமை கேட்டது 1958 ஜனவரியில். கையும் காலும் அசையும் ஆள் வந்தது 1978-இல்; யென்ஸ் நிகார்ட் க்னுட்சன் என்பவரின் வடிவமைப்பு. முதல் பத்து வருஷம் எல்லா ஆளுக்கும் ஒரே மஞ்சள் முகம்தான்: இரண்டு புள்ளிக் கண், ஒரு சிரிப்பு. 1989-இல் கடற்கொள்ளையர் செட் வந்தபோதுதான் தாடி, மீசை, கண்பட்டை எல்லாம் வந்தன. நிஜத் தோல் நிறங்கள் 2003-இல், கூடைப்பந்து வீரர்களோடு வந்தன.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் ஊர் ஆள் என்றதும் பிள்ளைகளுக்கு வரும் முதல் சந்தேகம், மஞ்சள் முகம் சரியா என்பது. என் கருத்தைக் கேட்டால், தாராளமாக மஞ்சள் வைக்கலாம்; மஞ்சள் முகம் எந்த நாட்டுக்காரரும் இல்லை, அதனால் யாராகவும் இருக்கலாம். பழுப்பு முகம்தான் வேண்டும் என்றால் அதுவும் கிடைக்கிறது. ஆனால் கையையும் அதே நிறத்தில் மாற்ற வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள். பழுப்பு முகமும் மஞ்சள் கையுமாக ஆள் நிற்பார். கை எளிதில் கழன்று வரும்: லேசாகத் திருகி நேராக இழுத்தால் போதும். தோளோடு சேர்த்து முழுக்கையைக் கழற்றுவதுதான் ஆபத்து. பழைய உடல்களில் அக்குளுக்குக் கீழே விரிசல் விடும். விட்டால் ஒட்டவும் முடியாது.

அளவுகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். பீஸின் மேல் துருத்தி நிற்கும் வட்ட மேடுதான் குமிழ்; குமிழுக்கும் குமிழுக்கும் நடுவே 8 மி.மீ. ஒரு பிரிக்கின் உயரம் 9.6 மி.மீ., தட்டைப் பீஸ் அதில் மூன்றில் ஒன்று, 3.2 மி.மீ. ஆளின் உயரம் 4 செ.மீ. உடலின் அடி அகலம் இரண்டு குமிழ், அதாவது கிட்டத்தட்ட 16 மி.மீ.; மேலே போகப் போகக் குறுகும். கை பிடிக்கும் கம்பியின் தடிமன் 3.18 மி.மீ. இந்த எண் நம் ஊர் ஹார்டுவேர் கடைக்காரருக்குப் பழக்கமானது, ஒரு நூல் என்பார். அதனால் ஒரு நூல் பிளாஸ்டிக் குழாயோ குச்சியோ எது கிடைத்தாலும் அந்தக் கையில் நிற்கும். கரண்டி, மண்வெட்டிக் காம்பு, குடைக் காம்பு எல்லாம் அதிலிருந்தே வரும். இரும்புக் கம்பி மட்டும் வேண்டாம், அளவு கொஞ்சம் கூடினாலும் கையை விரித்துவிடும்.

சரி, காபிப் பழம் பறிக்கும் அம்மாவுக்கு வருவோம். தம்பி முதலில் கேட்டிருப்பது சேலைக்கு என்ன செய்வது என்றுதான் இருக்கும். இங்கேதான் பிரிண்டரைவிடக் கண் பெரிது. நவம்பரில் இருந்து ஜனவரிக்குள் பழம் பழுக்கும் காலத்தில் ஒருமுறை அவனை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த செடி அது. சில்வர் ஓக் மரங்களின் நிழலில், மரத்தில் மிளகுக் கொடி ஏறிக் கிடக்க, கீழே காபிச் செடி. அங்கே வேலை செய்கிற பெண்களைக் கவனித்தால், சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். கிளை கீறாமல் இருக்க, பூச்சி கடிக்காமல் இருக்க, குளிருக்கும் சேர்த்து. தலையில் துண்டு. இடுப்பில் சாக்கோ பையோ கட்டியிருக்கும். முந்தானை, மடிப்பு என்று நாம் கவலைப்பட்ட எதுவுமே முன்பக்கத்தில் தெரியாது. ஆக, உடல் என்பது ஒரு சட்டை. கட்டம் போட்ட சட்டை உடல் ஏதாவது ஒரு பழைய செட்டில் நிச்சயம் இருக்கும்.

சட்டைக்குக் கீழே சேலை. அதற்குக் கால் வேண்டாம். 2×2 குமிழ் அடியும் இரண்டு பிரிக் உயரமும் உள்ள ஒரு சாய்வு பீஸ் இருக்கிறது, எண் 3678. அதன் தலையில் இரண்டு குமிழ். உடல் அதில் கச்சிதமாக உட்காரும். லெகோ கம்பெனியே பாவாடை போட்ட பெண்களுக்கும் ராணிகளுக்கும் பல வருஷம் இதைத்தான் பயன்படுத்தியது. சாய்வான பக்கம் முன்னால் வந்தால் கொசுவம் விரிந்த மாதிரியே தெரியும். அடர்பச்சையோ அரக்கோ எடுத்துக்கொண்டு, அடியில் மெல்லிய கரை ஒன்று ஒட்டினால் சேலை முடிந்தது. தலைத்துண்டுக்கு அந்தக் கடற்கொள்ளையர் தலைக்கட்டே போதும். வெள்ளையோ சிவப்போ இருந்தால் நல்லது. இடுப்புப் பையை எம்-சீலில் பிடித்து, தையல் நூலால் கட்டிவிடலாம்.

பழத்துக்கு லெகோவிலேயே சிவப்பு வட்டப் பீஸ் இருக்கிறது, ஆனால் அது 8 மி.மீ. இந்த இடத்தில் விகிதக் கணக்கைப் பேசிவிட வேண்டும், தட்டுவடைக்கும் இது தேவைப்படும். 4 செ.மீ. ஆள் என்பது ஐந்தரை அடி மனிதரைக் கிட்டத்தட்ட 42-இல் ஒரு பங்காகக் குறைத்தது. 8 மி.மீ. பழம் அப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட 34 செ.மீ. குறுக்களவு, பூசணிக்காய் அளவு. ஒரு தட்டுவடையை 1×1 வட்ட ஓட்டில், அதாவது மேலே குமிழ் இல்லாத தட்டை வட்டப் பீஸில், செய்தால் அது ஆளின் நெஞ்சளவு வந்து நிற்கும். கணக்கில் கெட்டியான பையன்கள் இதைப் பார்த்துவிட்டு, 'தப்பு' என்பார்கள். தப்பே இல்லை. இந்த ஆளின் தலையும் கையும் ஏற்கெனவே மிகை; கையில் பிடிப்பது எதுவாக இருந்தாலும் அந்தக் கையின் அளவுக்கு மிகையாக இருந்தால்தான் கண்ணுக்குச் சரியாகப் படும். தட்டுவடையைச் சரியான விகிதத்தில் ஒரு மில்லிமீட்டராகச் செய்தால் தூசி என்று ஊதிவிடுவார்கள். காபிப் பழத்துக்கு மட்டும் நான் விலக்குத் தருவேன்: சின்னக்கடை வீதி ஃபேன்சி ஸ்டோர்களில் கிடைக்கும் சிவப்புப் பாசிமணியைப் பையின் வாயில் ஒட்டினால் குவியலாக அழகாக இருக்கும். லெகோவைத் தவிர வேறெதுவும் கலக்கக் கூடாது என்கிற சுத்த சைவக்காரர்கள் இந்தப் பொழுதுபோக்கிலும் உண்டு. அவர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

தட்டுவடை செட் கடைக்காரருக்கு ஆள் சுலபம், வண்டிதான் வேலை. பழுப்பு வட்ட ஓடு இரண்டு, நடுவில் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று வைத்தால் சட்னியோடு செட் தயார். பீட்ரூட் துருவலுக்கு ஊதா நூலைப் பொடியாக நறுக்கித் தூவலாம். தோளில் துண்டு, கட்டம் போட்ட லுங்கி. லுங்கிக்குத்தான் டெகால் வேண்டும்.

டெகாலைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிரிண்டர் வாங்க நினைக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு உண்மையில் வேண்டியது இதுதான். தண்ணீரில் நனைத்தால் தாளை விட்டு வழுக்கி வரும் மெல்லிய படலம் இது. விமான, கார் மாடல் செய்கிறவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது. தாள் இரண்டு வகை: இன்க்ஜெட்டுக்கு ஒன்று, லேசருக்கு ஒன்று. இன்க்ஜெட் தாளை ஜெராக்ஸ் கடை லேசர் மெஷினில் விடவே கூடாது. உள்ளே சூட்டில் படலம் உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கடைக்காரர் உங்களை மறக்கவே மாட்டார். லேசர் தாள் என்று எழுதியிருப்பதைக் காட்டி, அவர் சம்மதித்தால் மட்டும் அடியுங்கள்.

வரைவதற்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. தம்பி பத்து மடங்கு பெரிதாக, அதாவது உடலை 16 செ.மீ. அகலத்துக்கு, கறுப்புப் பேனாவால் வரையட்டும். ஸ்கேன் செய்து பத்தில் ஒன்றாகக் குறைத்தால் கை நடுக்கமும் பத்தில் ஒன்றாகிவிடும். ஒரே ஒரு விதி: பெரிய படத்தில் எந்தக் கோடும் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குறைத்த பிறகு அது 0.2 மி.மீ.; அங்குலத்துக்கு 600 புள்ளி அடிக்கும் மெஷினில் அந்தக் கோட்டின் அகலம் ஐந்து புள்ளிகூட வராது. அதற்கும் மெலிந்தால் கோடு விட்டு விட்டு வரும். சட்டைப் பையில் பேனா, பொத்தான், காலர், போதும். விவரம் கூடக் கூடப் பொம்மை அழுக்காகத் தெரியும். கம்பெனி வரைகிறவர்களும் அதனால்தான் கையை அடக்கி வைத்திருக்கிறார்கள்.

பெரிய சிக்கல் வெள்ளை நிறம். சாதாரண மெஷின் எதிலும் வெள்ளை மை கிடையாது. கருநீல உடலில் மஞ்சள் கோடு போட்ட டெகாலை ஒட்டினால் மஞ்சள் காணாமல் போய்விடும். அதனால் படத்தில் எது வெளிர் நிறமோ அந்த நிறத்தில் உடலைத் தேர்ந்தெடுத்து, அடர் நிறங்களை மட்டும் அச்சிட வேண்டும். வெள்ளை உடலில் நீலக் கட்டம் வரும். நீல உடலில் வெள்ளைக் கட்டம் வராது. அதுதான் வேண்டும் என்றால் மொபைல் கவரில் படம் அச்சிடும் யூ.வி. பிரிண்டிங் கடைகளில் வெள்ளை மை உண்டு. கைகளைக் கழற்றிவிட்டு உடல்களை மல்லாக்க ஒரு அட்டையில் வரிசையாகப் பொருத்திக் கொடுத்தால் சில கடைக்காரர்கள் ஆர்வமாகச் செய்து தருவார்கள். ஒன்றிரண்டுக்காகப் போனால் மெனக்கெட மாட்டார்கள், பத்து இருபது சேர்த்துக்கொண்டு போக வேண்டும்.

ஒட்டுவது: படத்தை ஓரத்தை ஒட்டி வெட்டி, தண்ணீரில் முக்கி எடுத்து, படலம் நகரத் தொடங்கியதும் உடல் மேல் வழுக்கி விட வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியால் நடுவில் இருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளினால் குமிழி நிற்காது. ஒரு ராத்திரி காயவிட்டு, மேலே கிளியர் ஸ்பிரே. இன்க்ஜெட்டாக இருந்தால் நனைப்பதற்கு முன்பே ஸ்பிரே அடித்துக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் மை தண்ணீரில் ஓடிவிடும். ஈரக் காற்றில் ஸ்பிரே அடித்தால் பால் மாதிரி வெளுத்துவிடும். மழை நாளிலும் மலை மேல் பனிமூட்டத்திலும் அடிக்க வேண்டாம். கன்னங்குறிச்சியில் வெயில் ஏறிய பத்து மணிக்கு மாடியில் அடித்தால் பிரச்சினை வராது. அடிப்பது பெரியவர் வேலை.

ஏற்கெனவே அச்சு இருக்கும் உடலை வெறும் உடலாக்க, பித்தளை துலக்கும் பிராசோவைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் மெல்ல மெல்ல அழியும். நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொடவே தொடாதீர்கள். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும், இந்தப் பீஸ்கள் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், அசிட்டோன் பட்டால் கரைந்து கொழகொழவென்று ஆகிவிடும்.

எம்-சீல் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கொண்டை, தலைப்பாகை, பூச்சரம், பை எல்லாம் அதில் வரும். தலைக் குமிழில் துளி எண்ணெய் தடவிவிட்டு அதன் மேலேயே கொண்டையைப் பிடித்தால், இறுகிய பிறகு தொப்பி மாதிரி கழற்றி மாட்டலாம். இறுகியதும் உப்புத்தாள், அப்புறம் அக்ரிலிக் பெயிண்ட். வேஷ்டிக்குத் துணி வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள், சேலம் பட்டு வேஷ்டியே இருக்கும்போது ஆசை வருவது இயல்புதான். ஆனால் நிஜக் கரையின் அகலம் இந்த ஆளை முழுசாக மூடிவிடும். தாளில் கரை போட்டு ஒட்டுவது நல்லது.

பிரிண்டரை ஏன் வேண்டாம் என்கிறேன்? பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் வகையில் படிப்படியாக வரி தெரியும். தலைமுடி, கூடை சுமாராக வரும். குமிழில் கச்சிதமாக மாட்டுகிற பீஸ் வருவது கஷ்டம். ரெசின் வகையில் நுணுக்கம் அருமையாக வரும். ஆனால் அது இறுகாத நிலையில் தோலில் படக் கூடாது, வாடை வேறு, ஸ்பிரிட்டில் கழுவ வேண்டும், கழுவிய ஸ்பிரிட்டைச் சாக்கடையில் விடக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பையன் தூங்குகிற அறைக்கு அது ஆகாது. இறுகிய ரெசினும் ஏ.பி.எஸ். போல வளைந்து கொடுக்காது. நாலு தடவை கழற்றி மாட்டினால் விண்டு போகும். தவிர்க்க முடியாத ஒரு பீஸ் வேண்டும் என்றால், அதை வைத்திருக்கும் யாரிடமாவது அடித்து வாங்கிக்கொள்ளலாம்.

அதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் இலவசமாகக் கட்டிப் பார்க்கப் பழக்குங்கள். ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்பவர் 1995-இல், லெகோ பீஸ்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து கட்டும் எல்டிரா (LDraw) என்ற முறையைத் தொடங்கினார். அவர் 1997-இலேயே இறந்துவிட்டார். அவர் விட்ட இடத்தில் இருந்து ரசிகர்களே ஒவ்வொரு பீஸாக அளந்து சேர்த்துச் சேர்த்து, இன்று அது பெரிய களஞ்சியமாகிவிட்டது. பிரிக்லிங்க் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளும் அந்தக் கோப்புகளைத் திறக்கும். காசு வாங்காமல் யாரோ அளந்து வைத்ததில்தான் உலகம் முழுக்கக் கட்டுகிறார்கள்.

இப்போது கொடுக்கலாமா என்ற கேள்வி. கொடுக்க வேண்டும் என்பேன். வெறும் பெருந்தன்மைக்காக மட்டும் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது. ஓரம் விட்டுக் கணக்கிட்டால் ஒரு சட்டைப் படத்துக்கு 20 மி.மீ.க்கு 17 மி.மீ. இடம் போதும். ஒரு ஏ4 டெகால் தாளில் 150 சட்டைக்கு மேல் பிடிக்கும். தம்பிக்கு வேண்டியது நாலோ ஐந்தோ. மிச்சத் தாள் வீணாகும், அல்லது ஒரே லுங்கியை நூறு அடிக்க வேண்டும். ஐந்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஆளுக்கு முப்பது கட்டம் என்று பிரித்துக்கொண்டால் ஒரே தாளில் ஊரே வந்துவிடும். யூ.வி. கடைக்குப் போகவும் அதே கூட்டுத்தான் ஆள்பலம். ரயில்வே சட்டை ஒருவன் வரைவான், பஸ் கண்டக்டர் ஒருவன், இன்னொருத்தி மல்லிகைப்பூக்காரம்மா. லெகோப் பிரியர்களான எங்கள் வட்டத்தில் இப்படித்தான் ஓடுகிறது.

கொடுப்பது என்றால் பொம்மையைக் கொடுப்பது மட்டும் இல்லை. செய்முறையைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் ஒரு போட்டோவைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். பார்க்கிறவன் 'சூப்பர்' என்று சொல்லலாம், செய்ய முடியாது. முன்பக்கம், பின்பக்கம், கழற்றி வைத்த பீஸ்கள் என மூன்று படம் வேண்டும். கூடவே பீஸ் எண்ணும் நிறமும். எண் பல பீஸ்களின் உட்புறத்திலேயே பொடி எழுத்தில் அச்சாகி இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: தலை 3626, உடல் 973, கை 3820. நிறத்தைச் சொல்வதில் கவனம் தேவை. 2004-ஐ ஒட்டிக் கம்பெனி சாம்பல் நிறங்களையும் பழுப்பையும் மாற்றியது. அண்ணன் காலத்து டப்பாவில் இருக்கும் சாம்பலும் இன்றைய சாம்பலும் பக்கத்தில் வைத்தால் ஒட்டாது. 'பழைய சாம்பல்', 'புது சாம்பல்' என்று எழுதினாலே போதும். வெட்டியிருந்தால், பெயிண்ட் அடித்திருந்தால், வேறு கம்பெனி பீஸ் கலந்திருந்தால் அதையும் எழுத வேண்டும். அந்தப் பொம்மை நாளைக்குக் கை மாறும்போது வாங்குகிறவர் ஏமாறக் கூடாது. வரைந்தவர் யார் என்று தாளின் ஓரத்தில் இருக்க வேண்டும்; இன்னொருவர் வரைந்ததைக் கேட்காமல் மாற்றி அடித்தால் வட்டத்தில் மனக்கசப்பு வரும், பிள்ளைகள் வட்டத்தில் பெற்றோருக்கும் சேர்த்து வரும்.

கூட்டாகச் செய்ய ஒரு திட்டமும் சொல்கிறேன். அடிவாரத்தில் இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஆளுக்கு ஒன்றோ இரண்டோ வளைவு எடுத்துக்கொண்டு, 32×32 குமிழ் பலகையில், அதாவது 25.6 செ.மீ. சதுரத்தில், கட்ட வேண்டும். ஒவ்வொரு பலகையும் முந்தையதைவிட மூன்று பிரிக் உயரம். ஒரு வளைவுக்கு 2.88 செ.மீ., இருபதாவது வளைவு தரையில் இருந்து 57.6 செ.மீ. உயரத்தில் நிற்கும். ரோடு பலகைக்குள் நுழையும் இடமும் வெளியேறும் இடமும் எல்லாருக்கும் ஒன்று என்பது மட்டும் முன்கூட்டியே முடிவாக வேண்டும். மற்றபடி யார் எதை வைத்தாலும் சரி: வளைவில் திணறும் பஸ், வாந்தி எடுக்கும் சுற்றுலாப் பயணி, கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கும் குரங்கு. குரங்கு பீஸ் லெகோவிலேயே உண்டு. ஆடி மாதம் முடிந்ததும், சேலம் குகைப் பகுதியின் ஆடித் திருவிழாவில் நடக்கும் வண்டி வேடிக்கையை எடுத்துக்கொள்ளலாம் என்று என் யோசனை. நிஜத்திலேயே மனிதர்கள் சாமி வேஷம் கட்டி வண்டியில் நிற்பதால், சாமியைப் பொம்மையாக்கிவிட்டார்கள் என்று யாரும் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

விற்பது வேறு கதை. பிரிக்கின் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதன் வடிவத்தை வணிகச் சின்னமாகவும் பதிய முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் தீர்த்துவிட்டது. அதனால்தான் கடையில் இத்தனை கம்பெனி பிரிக்குகள். ஆனால் ஆளின் வடிவம் அங்கே வணிகச் சின்னம்தான் என்பது 2015-இல் உறுதியானது. காசு கொடுத்து வாங்கிய ஆளுக்குச் சட்டை மாற்றுவது ஒன்று, அந்த ஆளையே அச்சு எடுத்து வார்த்து விற்பது இன்னொன்று. இரண்டாவது பக்கம் போகவே வேண்டாம். சினிமா நடிகர் முகம், படக் கதாபாத்திரம் இவற்றிலும் அதே எச்சரிக்கை. நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மையை விற்க ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். ஆக, தம்பி கடை போடும் யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நண்பர்களுக்குள் தாள் செலவைப் பங்கிட்டுக்கொள்வதில் சிக்கல் இல்லை. கொடுக்கும் வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கையும் பாசிமணியும் தொண்டையில் சிக்கும் அளவுதான்.

பீஸ் வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. இறக்குமதிப் பொம்மைக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. புது செட்டின் விலை ஏன் கண்ணைக் கட்டுகிறது என்பதற்கு இது ஒரு காரணம். ஆகவே பண்டமாற்றுதான் வழி. எல்லார் வீட்டிலும் ஒரு பீஸ் தேவைக்கு மேல் குவிந்திருக்கும். வட்டம் கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கு ஒரு டப்பா கொண்டுவந்தால் பாதித் தேவை அங்கேயே தீர்ந்துவிடும்.

கடைசியாகக் கொலுசுக்காரர். இந்த ஆளுக்கு முழங்கால் கிடையாது, இடுப்பில் மட்டும்தான் மடங்கும். உட்கார வைத்தால் காலை நீட்டிக்கொள்வார். அதனால் காலை இடுப்போடு கழற்றிவிடுங்கள். காபி அம்மாவின் உடல் சாய்வு பீஸில் உட்கார்ந்த மாதிரியே, இவர் உடலும் எந்த இரண்டு குமிழிலும் உட்காரும். வெள்ளைத் தட்டைப் பீஸ் ஒன்றில் உடலைப் பொருத்தி, அதற்கு முன்னால் இடதும் வலதுமாக 1×1 சின்னச் சாய்வு பீஸ் இரண்டை, சரிவு வெளிப்பக்கம் பார்க்க வைத்தால், வேஷ்டிக்குள் மடங்கிய முழங்கால் இரண்டும் வந்துவிடும். நடுவில் ஒரு பிரிக் உயரத்துக்குப் பழுப்புப் பலகை. ஒரு கையில் ஊதுகுழல், அதுதான் ஒரு நூல் குச்சி. கொலுசை லெகோவில் தேட வேண்டாம். அறுந்த கொலுசு ஒன்று வீட்டில் எங்காவது கிடக்கும்; அதில் ஒரு விரற்கடை வெட்டி அந்தப் பலகை மேல் போடுங்கள்.